முதல் முறை சொகுசுக் கப்பல் ஏறப் போகிறீர்களா? பந்திங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பள்ளி விடுமுறையில் வேன் சும்மா நிற்கும். அந்த நாள்களில் இதுவரை 4 முறை கப்பல் பயணம் போயிருக்கிறேன்; 2 முறை போர்ட் கிள்ளானிலிருந்து, 2 முறை சிங்கப்பூரிலிருந்து. கடைசிப் பயணத்தில் எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) மட்டும் 19 பேர். அதற்குப் பிறகு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினாலும் சரி, "அண்ணே, கப்பலைப் பத்திக் கேக்கணும்" என்று யாராவது பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஏஜென்ட் இல்லை, யாரிடமும் எனக்குக் கமிஷன் கிடையாது.

சொகுசுக் கப்பல் என்றால் பணக்காரர்கள் போவதுதானே? நமக்கு ஒத்து வருமா?

நாம் பொதுவாகச் சொகுசுக் கப்பல் என்று சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஆயிரக்கணக்கில் ஆள் ஏற்றும் பெரிய கப்பல். ஜென்டிங் டிரீம் அந்த வகை. 2016-இல் ஜெர்மனியில் கட்டி முடித்தது, நீளம் 335 மீட்டர், 3,000-க்கும் மேற்பட்ட பயணிகள் தங்கலாம். ராயல் கரீபியன் கம்பெனியின் கப்பல்களும் இதே மாதிரிதான். 3 இரவு, 4 இரவு என்று சின்னப் பயணமாகக் கிடைக்கும். முன்கூட்டியே திட்டமிட்டு மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் நம்மால் முடியும்.

இன்னொரு வகை உண்மையிலேயே சொகுசு. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் என்ற பெயர்களெல்லாம் அதில் வரும். சில நூறு பேர்தான் ஏறுவார்கள். மது, டிப்ஸ் எல்லாம் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். ஒருவர் ஒரு வாரம் போகிற காசில் ஓரளவு நல்ல பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம். அதில் நான் ஏறியதில்லை. கீழே எழுதுவதெல்லாம் பெரும்பாலும் முதல் வகைக்கு.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் கப்பலில் நஷ்டப்படுவது ஏமாற்றுக்காரர்களால் இல்லை, கூச்சத்தால். வெள்ளை விரிப்புப் போட்ட மேசையைப் பார்த்ததும், "நமக்கு வேண்டாம்ப்பா" என்று பஃபேயிலேயே 3 நாளும் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மேசைக்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறோம்.

போர்ட் கிள்ளானில் ஏறுவதா, சிங்கப்பூருக்குப் போய் ஏறுவதா?

நமக்குப் பக்கம் போர்ட் கிள்ளான்தான். ஆனால் கப்பல் முனையம் போர்ட் கிள்ளான் டவுனில் இல்லை, பூலாவ் இண்டா தீவில் இருக்கிறது. கேடிஎம் ரயிலில் போர்ட் கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியோடு கப்பலைத் தேடி நின்ற குடும்பம் எங்கள் கூட்டத்திலேயே உண்டு. பந்திங்கிலிருந்து தெலுக் பங்ளிமா காராங் போய் எஸ்கேவிஇ நெடுஞ்சாலையைப் பிடித்தால் அது நேராக பூலாவ் இண்டாவில்தான் போய் முடியும். நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வயதானவர்கள் இந்த முனையத்தை இன்னும் "ஸ்டார் குரூஸ் ஜெட்டி" என்பார்கள். 1993-இல் ஜென்டிங் குழுமம் ஆரம்பித்த ஸ்டார் குரூசஸ் நம் ஊர்க்காரர்களுக்குக் கப்பலைப் பழக்கிவிட்ட பெயர். அதன் தாய் நிறுவனம் 2022-இல் நொடித்துப் போனது. அதே ஆண்டு ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூசஸ் என்ற புதுப் பெயர் வந்தது.

சிங்கப்பூரில் கப்பல் அதிகம், தேதியும் அதிகம். ஆனால் பள்ளி விடுமுறையில் ஜோகூர் பாலத்தில் நெரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கப்பல் ஏறுகிற அன்றே பந்திங்கிலிருந்து கிளம்புவது சூதாட்டம். முதல் நாள் இரவே ஜோகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ தங்கிவிடுங்கள். அங்கே இரண்டு முனையங்கள் உண்டு: மரினா பே குரூஸ் சென்டருக்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையம், இன்னொன்றுக்கு ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சிங்கப்பூருக்குள் நுழைய எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். நுழைகிற நாளோடு சேர்த்து 3 நாளுக்குள் நிரப்பலாம், காசு கிடையாது. கூகளில் தேடினால் அதற்குப் பணம் கேட்கும் போலிப் பக்கங்கள்தான் மேலே நிற்கும். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் பக்கத்தில் மட்டும் நிரப்புங்கள், வேறு எங்கும் வங்கிக் கார்டு நம்பரைத் தட்டாதீர்கள்.

விளம்பரத்தில் போட்ட விலைதான் மொத்தச் செலவா?

இல்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நோட்டுப் புத்தகம் எடுத்து உட்காருங்கள்.

விளம்பரத்தில் போடுவது ஓர் ஆளுக்கான விலை, அதுவும் இரண்டு பேர் ஒரு கேபினைப் பகிர்ந்துகொண்டால். தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் காசைக் கட்ட வேண்டி வரும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைத்துப் போடுவார்கள். அவர்களுக்குக் கட்டில் கூரையிலிருந்து இறங்கும் அல்லது சோபாவை விரித்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் துறைமுக வரி தனி.

அப்புறம் டிப்ஸ். இது நம் ஆட்களுக்குப் பெரிய அதிர்ச்சி. நாம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கணக்கில் தானாக ஏறும் தொகை இது. கப்பலுக்குக் கப்பல் மாறும். பெரிய கப்பல்களில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 பேர், 3 இரவு, 18 டாலர் என்றால் 216 டாலர். வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்டுக்கு) மாற்றிப் பாருங்கள், சின்னப் பணமில்லை. டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிட முடிந்தால் கட்டிவிடுங்கள். இறங்கும் நாளில் மனம் கனக்காது.

பஃபேயில் தண்ணீர், தேநீர், சாதாரணக் காப்பி பொதுவாகச் சும்மா கிடைக்கும். கோக், மது, கடையில் போடும் காப்பி எல்லாம் காசு. கேபினில் அழகாக நிற்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் பல கப்பல்களில் விலை உண்டு. மூடியைத் திருகும் முன் கழுத்தில் தொங்கும் அட்டையைப் படியுங்கள். காலி பாட்டில் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டு போய் நிரப்பிக்கொள்வது என் பழக்கம்.

ஏஜென்ட் மூலம் எடுத்தால் சுற்றுலா அமைச்சின் உரிம எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபேஸ்புக்கில் பாதி விலைக்குத் தருகிறேன் என்று சொல்லித் தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? மைகார்டு (அடையாள அட்டை) போதுமா?

போதாது. கடப்பிதழ் (பாஸ்போர்ட்) கட்டாயம், அது இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது செல்ல வேண்டும். புதிதாக எடுக்கப் பெரியவர்களுக்கு 200 வெள்ளி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் 100 வெள்ளி. கூட்டமாகப் போகும்போது எப்போதும் ஒருவருடைய கடப்பிதழ்தான் காலாவதி ஆகியிருக்கும். பணம் கட்டும் முன்பே எல்லார் புத்தகத்தையும் வாங்கி மேசையில் பரப்பிப் பாருங்கள்.

சில பயணங்களில் ஏறும்போதே கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில்தான் திருப்பித் தருவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும். தம்பி பிள்ளை, தங்கை பிள்ளையைப் பெற்றோர் இல்லாமல் கூட்டிப் போவதாக இருந்தால், சம்மதக் கடிதம் என்ன மாதிரி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கேபின் எடுப்பது? ஜன்னல் இல்லாத அறையில் மூச்சு முட்டாதா?

முட்டாது, ஏர்கோன் ஓடிக்கொண்டே இருக்கும். உள்கேபினில் விளக்கை அணைத்தால் பகல் 11 மணிக்கும் நள்ளிரவு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தூங்கத்தான் அறைக்குப் போவோம் என்கிறவர்களுக்கு அதுவே போதும். வயதான அப்பா அம்மா வந்தால் மட்டும் பால்கனி எடுத்துக் கொடுங்கள் என்பேன். என் அம்மா காலை 5 மணிக்கே எழுந்துவிடுவார். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன பழக்கம், ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் போகவில்லை. அந்த நேரத்தில் அவருக்குப் போக ஓர் இடம் வேண்டும். கைலி, துண்டோடு பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, தூரத்தில் போகும் சரக்குக் கப்பல்களின் விளக்கை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஆட்டம் குறைவாக இருக்க வேண்டுமானால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள். மேல்மாடிதான் உயர்ந்தது என்று நினைத்து அதிகக் காசு கொடுத்து ஏறினால் ஆட்டமும் அதிகமாகக் கிடைக்கும். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள கேபினும் வேண்டாம். விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும்.

பெட்டியில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது?

சூடம், ஊதுபத்தி, அகல் விளக்கு எதுவும் கூடாது. கப்பலில் தீக்குப் பயப்படுவது போல் வேறு எதற்கும் பயப்பட மாட்டார்கள். அயர்ன் பெட்டி, சுடுதண்ணீர்க் கெத்தல், எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாவற்றையும் எக்ஸ்ரேயில் கண்டுபிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். நம் மூன்று பின் பிளக் பல கேபின்களில் நுழையாது, அடாப்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தக் கொக்கி வாங்கிப் போங்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சில வெள்ளிக்குக் கிடைக்கும் கொக்கியை ஒட்டினால் துண்டு, தொப்பி, பை எல்லாம் தொங்கும். அம்மா அதில் முருகன் படத்தை மாட்டினார். அறை சுத்தம் செய்ய வந்த பிலிப்பைன்ஸ் தம்பி, படத்துக்கு நேரே இருந்த குப்பைக் கூடையைத் தானாகவே வேறு மூலைக்கு நகர்த்தி வைத்துவிட்டுப் போனான். யாரும் சொல்லவில்லை.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் கவனம். அங்கே மின்சிகரெட்டை வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். பையில் மறந்து கிடந்தாலும் குற்றம்தான். பாட்டி வெற்றிலையோடு போடும் புகையிலையும் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது. மலேசியாவிலிருந்து கொண்டு போகும் மதுவுக்கும் அப்படியே.

கடையில் வாங்கிய, பிரிக்காத முறுக்கு, மிக்ஸ்சர் பாக்கெட்டுகளைப் பொதுவாக விடுவார்கள். வீட்டில் ஆக்கிய புளிச்சோறு, நெத்திலி சம்பல் டப்பாவெல்லாம் வாசலோடு சரி.

கப்பல் ஆடுமா? வாந்தி வருமா?

மலாக்கா நீரிணையில் பெரிய கப்பல் ஓடுவதே தெரியாது. ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் நாம். அலை பெரிதாக எழ இடமில்லை. கப்பலின் வயிற்றுப் பக்கம் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கைகள் தண்ணீருக்குள் நீளும், ஆட்டத்தை அது அமுக்கிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடல் பக்கம் போனால் வடகிழக்குப் பருவக்காற்று. மே முதல் அக்டோபர் வரை தாய்லாந்தின் புக்கெட் பக்கம் அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் கொஞ்சம் உருட்டும்.

தலை சுற்றினால் கேபினுக்குள் போய்ப் படுக்காதீர்கள், சுற்றல் இன்னும் அதிகமாகும். திறந்த தளத்துக்கு வந்து கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். வெறும் வயிறு கூடாது. இஞ்சி மிட்டாய் நல்லது. மாத்திரை போடுவதானால் தலை சுற்றும் முன்பே போட வேண்டும். சுகர், பிரஷர் மருந்து சாப்பிடுகிறவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

"கடல் என்றாலே அம்மாவுக்குப் பயம்" என்று சிலர் சொல்வார்கள். என் தாத்தா ரஜுலா கப்பலில் வந்தவர். 1926-இல் கட்டிய கப்பல் அது. நாகப்பட்டினம், சென்னையிலிருந்து பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் 1972-க்குப் பிறகு நம் போர்ட் கிள்ளான். தாத்தா திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தார். வாந்தியைப் பற்றித்தான் வீட்டில் கதை கதையாகச் சொல்வார். அந்தக் கதைதான் நம் பெரியவர்கள் மனதில் இருக்கிறது. கப்பலின் அளவைக் கண்ணால் பார்க்கும்வரை அது போகாது, பார்த்ததும் போய்விடும்.

ஏறும் நாளில் என்ன நடக்கும்?

உங்களுக்குக் குறித்த நேரத்தில் போங்கள். ரொம்ப முன்னால் போனாலும் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். கம்பெனியின் ஆப்பை வீட்டிலேயே இறக்கி, போட்டோ, கார்டு விவரமெல்லாம் ஏற்றிவிட்டால் முனையத்தில் வரிசை சுருக்கமாக முடியும். பெரிய பெட்டியில் கேபின் எண் அட்டையைக் கட்டி வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும், அது உங்கள் கதவுக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் மருந்து, கடப்பிதழ், குளிக்கும் உடை, பிள்ளைக்கு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

ஏறியதும் 3,000 பேரும் பஃபேக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். பல கப்பல்களில் அன்று மதியம் கீழே உள்ள பெரிய உணவகமும் திறந்திருக்கும், ஆள் இருக்காது. வேலையாள் ஒருவரிடம் கேட்டுவிட்டு அங்கே போய் உட்காருங்கள். சாப்பிட்டு முடித்ததும் ஆப்பில் அரங்க நிகழ்ச்சிகளுக்கு இடம் பிடியுங்கள். இரண்டாம் நாள் தேடினால் இருக்காது.

கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ நடத்தியே தீர வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். 7 குட்டை ஊதல், ஒரு நீள ஊதல் என்றால் ஆபத்துச் சைகை. உங்கள் கூடுமிடத்துக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். ஆளாளுக்குக் கார்டைத் தட்டிப் பெயர் சரிபார்த்ததைப் பார்த்து அம்மா, "இது நம்ம பெரட்டுதான்டா, தண்டல் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டிருக்காரு" என்றார். தோட்டத்தில் விடியற்காலையில், வேலையை மேற்பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்தாதவர், கப்பல் பெரட்டுக்கும் முதல் ஆளாகப் போய் நின்றார்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்? மாட்டிறைச்சி கலந்துவிடுமா?

நம் பக்கத்திலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய. ஜென்டிங் டிரீமில் ஹலால் சமையலும் இந்திய சைவச் சமையலும் உண்டு. மற்றக் கப்பல்களின் பஃபேயிலும் பருப்பு, சாதம், ஏதாவது ஒரு கறி பெரும்பாலும் இருக்கும். உறைப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது வடநாட்டுக் கை.

மாடு சாப்பிடாதவர்கள் பாத்திரத்தின் முன் வைத்த அட்டையைப் படிக்க வேண்டும். சூப், குழம்பு மாதிரி இருப்பதில்தான் கவனம், எலும்புச் சாறு சேர்ந்திருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அங்கே நிற்கும் சமையல்காரரைக் கேளுங்கள். சலித்துக்கொள்ள மாட்டார், அது அவருடைய வேலை.

இனி அந்தப் பெரிய உணவகம். கதவருகே கோட்டு போட்ட ஒருவர் நிற்பார். கேபின் எண்ணைச் சொன்னால் மேசைக்குக் கூட்டிப் போவார். முதல் உணவு, முக்கிய உணவு, இனிப்பு என்று அட்டை வரும். ஒன்றுதான் கேட்க வேண்டும் என்று சட்டமில்லை. இரண்டு முக்கிய உணவு கேட்டாலும் பெரும்பாலும் கொண்டு வருவார்கள், கூடுதல் காசு போட்ட பெயர்களைத் தவிர. முள்கரண்டி பிடிக்க வராவிட்டால் கரண்டியால் சாப்பிடுங்கள், கையால் சாப்பிட்டாலும் யாரும் விரட்டப் போவதில்லை. முதல் இரவே மேசைப் பையனிடம், "நாங்கள் சைவம், வெள்ளிக்கிழமை முட்டையும் வேண்டாம், தயிர் கிடைக்குமா?" என்று சொல்லிவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா அப்படிச் சொல்லிவிட்டார். மறுநாள் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் தயிர், பக்கத்தில் பச்சை மிளகாய் நறுக்கி வந்தது. அடுத்த மேசையில் இருந்த எங்கள் ஆட்கள் பொறாமையோடு பார்த்தார்கள். அவர்கள் கேட்கவில்லை, அதனால் வரவில்லை.

ஒரு சிறு கண்டிப்பு: பஃபேக்குள் நுழையும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோவைரஸ் வயிற்றுப்போக்குக்குக் கைத்தெளிப்பான் மட்டும் போதாது.

கோட்டு சூட்டு வேண்டுமா?

வேண்டாம். பாத்தேக் (பாத்திக்) சட்டையும் நீளக் காற்சட்டையும் போதும். பட்டு வேட்டி கட்டினால் படம் எடுத்துக்கொள்ளக் கூட்டமே வரும். பெண்களுக்குச் சேலை, பஞ்சாபி சூட் இரண்டும் பொருத்தம். சிங்லெட், ஜப்பான் சிலிப்பரோடு இரவு உணவகத்துக்குப் போகாதீர்கள். உள்ளே ஏர்கோன் குளிரும், அதனால் ஒரு சுவெட்டர்.

போன் வேலை செய்யுமா?

கப்பல் ஏறியவுடன் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இதில் தள்ளிப் போடக் கூடாது. கரையிலிருந்து விலகியதும் கப்பலின் சொந்த செல்போன் கோபுரம் உங்கள் போனைப் பிடித்துக்கொள்ளும். அது சாதாரண ரோமிங் பாக்கெட்டில் வராது. எங்கள் முதல் பயணத்தில் என் மகள் இரவெல்லாம் பின்னணியில் படங்கள் ஏறவிட்டாள். ஊருக்கு வந்தபின் வந்த பில் 400 வெள்ளிக்கு மேல். வைஃபை வேண்டுமானால் கப்பல் வைஃபையைக் காசு கொடுத்து வாங்கலாம். பலவற்றில் முன்கூட்டியே வாங்கினால் மலிவு. ஏரோபிளேன் மோடிலேயே வைஃபை ஓடும்.

உள்ளே காசு எடுத்துப் போக வேண்டுமா?

கப்பலுக்குள் பணம் ஓடாது, கேபின் கார்டுதான் ஓடும். கடைசியில் மொத்தமாகப் பில் வரும். அதற்கு ஏறும்போதே ஒரு கார்டைப் பதிவு செய்யச் சொல்வார்கள். டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். செலவழிக்கும் முன்பே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கப்பலை விட்டு இறங்கி ஒரு வாரமாகியும் என் கணக்கில் அந்தப் பணம் திரும்பவில்லை, அந்த மாத வேன் தவணையை அண்ணனிடம் கைமாற்று வாங்கித்தான் கட்டினேன். கிரெடிட் கார்டு இல்லாவிட்டால் ரொக்கமாக முன்பணம் கட்ட வழி உண்டா என்று கேளுங்கள்.

தினமும் ஒரு தடவை ஆப்பிலோ வரவேற்பிலோ பில்லைப் பாருங்கள். பிள்ளைகள் கார்டைத் தட்டி ஐஸ்கிரீம் வாங்கியது அன்றைக்கே தெரிந்துவிடும்.

வயதானவர், சுகர் நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை வரலாமா?

கர்ப்பம் 24 வாரத்தைத் தொட்டுவிட்டால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றாது. அதற்குக் குறைவென்றாலும் டாக்டர் கடிதம் கேட்பார்கள். குழந்தைக்குக் குறைந்தது 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் கேபின் குளிர்பெட்டி உண்மையிலேயே குளிர்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் அது பானத்தை லேசாகக் குளிர்விக்கும் பெட்டி மட்டும்தான். இல்லையென்றால் கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். மருந்து எல்லாம் மருத்துவச் சீட்டோடு, கைப்பையில்.

கப்பல் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்தால் அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் இல்லை, டாலரில் பில் வரும். கப்பல் பயணத்தையும் சேர்த்து எடுத்த பயணக் காப்புறுதி இல்லாமல் பெரியவர்களை ஏற்றாதீர்கள் என்று நான் சண்டையே போடுவேன். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

புக்கெட்டில் இறங்கினால் எப்போது திரும்ப வேண்டும்?

"எல்லாரும் ஏற வேண்டிய நேரம்" என்று ஒன்று போட்டிருப்பார்கள். அது கப்பல் நேரம். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால். கரையில் இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், உங்கள் போனில் 3:30 ஆகும்போது கப்பலில் 4:30. போன் கடிகாரத்தை நம்பிச் சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தால் கப்பல் உங்களுக்காக நிற்காது. இறங்கும் முன் வாசலில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

அங்கே பல பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை, நடுவில் நங்கூரம் போட்டுவிட்டு சின்னப் படகில் ஏற்றி இறக்குவார்கள். அலை பெரிதாக இருந்தால் இறங்குவதையே ரத்து செய்யவும் செய்வார்கள். கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனால் விலை அதிகம், ஆனால் பேருந்து பிந்தினால் அது அவர்கள் பொறுப்பு. தனியாக டாக்சி பிடித்துப் போனால் மலிவு, பொறுப்பு உங்களுடையது. முதல் முறை என்றால் கப்பல் சுற்றுலாவே போங்கள், இல்லையென்றால் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே சுற்றுங்கள்.

கேசினோ?

இருக்கும், நடுக்கடல் வந்ததும் திறக்கும். கேபின் கார்டைத் தட்டினாலே பணம் எடுக்கலாம் என்பதால் கையில் காசு போகிறதே தெரியாது. வேறு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கடைசி நாளில் என்ன செய்ய வேண்டும்?

முந்தின இரவு பெட்டிக்கு வண்ண அட்டை கட்டிக் கேபின் வாசலில் வைத்துவிட்டால் அவர்களே கரையில் கொண்டு போய் வைத்துவிடுவார்கள். நீங்களே தூக்கிக்கொண்டு இறங்கவும் விடுவார்கள், அது வேகம். பில்லைக் காலையில் பார்க்காமல் இரவே பாருங்கள், தப்பு இருந்தால் வரவேற்பில் வரிசை சின்னதாக இருக்கும்போதே தீர்த்துக்கொள்ளலாம்.

வாசலில் பெட்டியை வைக்கும் முன், மறுநாள் போடும் துணியை எடுத்து வெளியே வைத்தீர்களா என்று ஒரு தடவை எண்ணுங்கள். ஒரு பயணத்தில் என் அப்பா எல்லாவற்றையும் ஒழுங்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்து, அட்டை கட்டி, இரவு 10 மணிக்கே வெளியே தள்ளிவிட்டார். காலையில் அவரிடம் இருந்தது கட்டியிருந்த கைலி, முதல் இரவு போட்ட பாத்தேக் சட்டை, இரண்டுதான். என் காற்சட்டை அவர் இடுப்பில் ஏறவில்லை. வேறு வழியில்லாமல் கைலியும் பாத்தேக்கும் செருப்புமாக முனையத்தில் நடந்தார். குடிநுழைவு அதிகாரி கடப்பிதழையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். மலாயில், "வீட்டுக்கு வந்துட்டீங்க போல, பாக்சிக் (பெரியவரே)" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.